முதல் ஆட்டத்தில் ஏன் இப்படிப் பம்முகிறார்கள்?

கேள்வி: வணக்கம் கோச் ஐயா. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை. உலகக் கிண்ணக் காற்பந்து வந்துவிட்டால் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு மாமாக் கடையில் உட்கார்ந்துவிடுவேன். ஆனால் முதல் வாரம் பார்க்கவே முடிவதில்லை. பெரிய பெரிய குழுக்கள் பந்தைப் பின்னாலேயே உருட்டி உருட்டி 0-0, 1-1 என்று முடிக்கிறார்கள். என் மாமனார் 70-களில் தோட்டத்துக் குழுவில் ஆடியவர். "எங்கள் காலத்தில் முதல் விசிலிலேயே அடிக்கப் போவோம். இப்போது இருப்பவன் எல்லாம் சம்பளத்துக்கு ஆடுகிற பயந்தாங்கொள்ளி" என்கிறார். உண்மைதானா?

இன்னொன்று. எங்கள் தோட்டத்து 15 வயதுக்குட்பட்ட பையன்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன பள்ளி விடுமுறையில் ஏழு பேர் ஆடும் போட்டி ஒன்றுக்குப் போனோம். பிரிவில் மூன்று குழு, முதலிடம் மட்டும்தான் அடுத்த சுற்றுக்கு. முதல் ஆட்டம் பலமான குழுவோடு. டிவியில் பார்த்ததை வைத்து, "கோல் வாங்காமல் வந்தால் போதும்" என்று சொல்லி அனுப்பினேன். 0-0. அடுத்ததில் ஒரு கோல் விழுந்ததும் எல்லாரையும் பின்னால் இழுத்துப் பத்திரமாக 1-0 என்று முடித்தோம். கடைசி ஆட்டத்தில் அந்தப் பலமான குழு மூன்றாவது குழுவை 3-0 அடித்து மேலே போய்விட்டது. ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் வீடு வந்து சேர்ந்தோம். பெற்றோர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பார்வையே போதும். நான் செய்தது தப்பா?

பதில்: அன்புத் தம்பிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மாமனாரின் பார்வையை நினைத்துச் சிரித்தேன். இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை. நீங்கள் செய்ததை நானும் ஒரு காலத்தில் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மாமனார் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம், அது சுலபம். அவர் ஆடிய காலத்து உலகக் கிண்ணத் திறப்பு ஆட்டங்களைப் பாருங்கள். 1966-இல் லண்டன் வெம்பிளியில் இங்கிலாந்தும் உருகுவேயும் 0-0. 1970-இல் மெக்சிகோவும் சோவியத் யூனியனும் 0-0. 1974-இல் நடப்பு வெற்றியாளர் பிரேசில், யூகோஸ்லாவியாவோடு 0-0. 1978-இல் நடப்பு வெற்றியாளர் மேற்கு ஜெர்மனி, போலந்தோடு 0-0. அடுத்தடுத்து நான்கு கிண்ணங்கள், திறப்பு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. 1982-இல் அர்ஜென்டினாவுக்கு எதிராக பெல்ஜியம் ஒன்று போட்ட பிறகுதான் அந்தச் சாபம் நீங்கியது. இதைச் சொல்லும்போது, 1966-இல் 0-0 என்று தொடங்கிய அதே இங்கிலாந்துதான் அந்த முறை கிண்ணத்தைத் தூக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல், தேத்தண்ணி குடிக்கும்போது மெதுவாகச் சொல்லுங்கள்.

ஆனால் அவரை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். அவர் நினைவில் இருப்பது தோட்டத்து ஆட்டம். அந்தக் காலத்தில் நான் பார்த்த தோட்டப் போட்டிகள் பெரும்பாலும் தோற்றால் வீட்டுக்கு என்கிற வகை. ஞாயிறு மத்தியானம் ஆட்டம், சாயங்காலம் லோரி ஏறிவிட வேண்டும். சமநிலைக்குப் புள்ளி கிடையாது, நாளைக்கு என்று சேர்த்துவைக்க ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்ட போட்டியில் அடிக்கப் போகாமல் வேறு என்ன செய்வது? ஆட்ட முறை அப்படி இருந்தது, ஆட்டக்காரர்களும் அப்படி ஆடினார்கள்.

இப்போது உலகக் கிண்ணத்துக்கு வருவோம். ஒரு பிரிவில் நான்கு குழு, ஆளுக்கு மூன்று ஆட்டம். வென்றால் 3 புள்ளி, சமநிலை என்றால் 1. முதல் ஆட்டத்தில் 1 புள்ளி எடுத்தால், அடுத்த இரண்டில் ஒரு வெற்றி, ஒரு சமநிலை கிடைத்தாலும் 5. அடுத்த சுற்றுக்குப் போக அநேகமாக அது போதும். முதல் ஆட்டத்தில் தோற்றுவிட்டால் அடுத்த இரண்டையும் வெல்ல வேண்டும், இல்லையென்றால் மற்ற ஆட்டங்களின் முடிவைப் பார்த்து வேண்டிக்கொள்ள வேண்டும். 2022 வரை நடந்த 22 உலகக் கிண்ணங்களில், முதல் ஆட்டத்தில் தோற்றும் கிண்ணம் வென்றவை இரண்டே குழுக்கள்: சுவிட்சர்லாந்திடம் 0-1 தோற்ற 2010 ஸ்பெயின், சவூதி அரேபியாவிடம் 1-2 தோற்ற 2022 அர்ஜென்டினா. முதல் ஆட்டத்தைச் சமன் செய்து கிண்ணம் வென்றவையும் இரண்டே, 1966 இங்கிலாந்தும் 1982 இத்தாலியும். மீதிப் பதினெட்டு முறையும் கிண்ணம் போனது முதல் ஆட்டத்தை வென்ற குழுவுக்குத்தான்.

அப்படியென்றால் எல்லாரும் முதல் ஆட்டத்திலேயே பாய்ந்து அடிக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஜெயிக்க வேண்டும் என்கிற ஆசை எல்லாருக்கும் இருக்கிறது. அதற்காக எவ்வளவு பணயம் வைப்பது என்பதில்தான் சிக்கல். 70-ஆவது நிமிடம், 0-0. இரண்டு பக்கத்துக் கோச்சும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். இன்னொரு ஆளை முன்னால் ஏற்றினால் 3 கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். ஏற்றாவிட்டால் கையில் இருக்கும் 1 அப்படியே இருக்கும். மூன்றாவது ஆட்டமாக இருந்தால் யாராவது ஒருவர் கண்டிப்பாக ஏற்றுவார், அவருக்கு வேறு வழி இருக்காது. முதல் ஆட்டத்தில் இருவருக்குமே வழி இருக்கிறது. அதனால் கடைசி இருபது நிமிடம் நீங்கள் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே கொட்டாவி விடுகிறீர்கள்.

முன்பு இது இன்னும் மோசம். 1990 வரை உலகக் கிண்ணத்தில் வெற்றிக்கு 2 புள்ளிதான், சமநிலை என்றால் வெற்றியில் பாதி. 1990 இத்தாலியில் 52 ஆட்டத்தில் 115 கோல், சராசரி 2.21. உலகக் கிண்ண வரலாற்றிலேயே ஆகக் குறைவு. அதற்குப் பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். தன் ஆள் காலால் பின்னால் தட்டிக் கொடுத்த பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-இல் வந்தது. 1994 உலகக் கிண்ணத்திலிருந்து வெற்றிக்கு 3 புள்ளி. அதற்கு முன்னால் கோல்கீப்பரும் தற்காப்பு ஆட்டக்காரரும் மாறி மாறிக் கொடுத்து வாங்கி நேரத்தைக் கடத்தியது மாமனாருக்கு நன்றாகவே நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

சரி, முதல் ஆட்டம் உண்மையிலேயே மந்தமா, இல்லை நமக்குத் தூக்கக் கலக்கத்தில் அப்படித் தெரிகிறதா? 2010 தென்னாப்பிரிக்காவை ஓர் இரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 32 குழுக்களும் ஆளுக்கு ஓர் ஆட்டம் ஆடி முடித்தபோது, 16 ஆட்டத்தில் 25 கோல். அதே 32 குழுக்கள் இரண்டாவது ஆட்டத்தை முடித்தபோது, 16 ஆட்டத்தில் 42 கோல். எல்லாரும் திட்டித் தீர்த்தார்களே ஜபுலானி பந்து, அது மாறவில்லை. திடல்கள் மாறவில்லை, குளிரும் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவில் சில நாள் இடைவெளிதான். யாருக்கு எத்தனை புள்ளி தேவை என்பது அதற்குள் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதற்குப் புள்ளிக் கணக்கு மட்டும் காரணம் என்று சொல்லிவிட்டால் நான் கோச் இல்லை, கணக்கு எழுதும் கிராணி. திடலுக்குள் இன்னொரு காரணம் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். தற்காப்பைச் சில நாளில் கட்டிவிடலாம். தாக்குதலைக் கட்ட மாதக்கணக்காகும்.

பையன்களுக்குத் தற்காப்பு சொல்லித் தரும்போது, பின்வரிசை நான்கு பேரின் இடுப்பையும் ஒரே நைலான் கயிற்றால் இணைத்துவிட்டு, பந்து போகும் பக்கம் நால்வரும் சேர்ந்து நகர வேண்டும் என்பேன். ஒருவன் தனியாக ஓடினால் கயிறு இழுக்கும், மற்ற மூவரும் தடுமாறுவார்கள், திடலே சிரிக்கும். மூன்றாம் நாள் கயிற்றை அவிழ்த்துவிடலாம், அதற்குள் உடம்புக்குப் பழகிவிடும். தாக்குதலுக்கு அப்படி ஒரு கயிறு கிடையாது. நடுத்திடலில் பந்தை வாங்குகிறவன் தலை நிமிர்வதற்குள் முன்னால் இருப்பவன் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். இவன் இடது காலால் கொடுப்பானா வலது காலால் கொடுப்பானா என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நூறு முறை தப்பாகக் கொடுத்து, நூறு முறை திட்டிக்கொண்ட பிறகு வருவது அது.

கிளப் குழுவில் ஆண்டு முழுக்கச் சேர்ந்து பழகுகிறார்கள். தேசியக் குழுவுக்கு அந்த நேரம் ஏது? 2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியக் கிளப் ஆட்டங்கள் நவம்பர் 13 வரை நடந்தன, 20-ஆம் தேதி கத்தாரில் உலகக் கிண்ணம் தொடங்கிவிட்டது. நடுவில் ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் ஒரு கோச்சால் எதைக் கட்ட முடியுமோ அதைத்தான் கட்டினார்கள். முதல் சுற்றிலேயே நான்கு 0-0: டென்மார்க்கும் துனிசியாவும், மெக்சிகோவும் போலந்தும், மொரோக்கோவும் குரோஷியாவும், உருகுவேயும் தென்கொரியாவும். மெக்சிகோ ஆட்டம் நமக்கு நள்ளிரவு 12 மணிக்கு வந்தது. போலந்தின் லெவண்டோவ்ஸ்கி அடித்த பெனால்டியை மெக்சிகோ கோல்கீப்பர் ஒச்சோவா தடுத்திருக்காவிட்டால் அதில் விழித்துப் பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் மொரோக்கோவையும் குரோஷியாவையும் பாருங்கள். சாயங்காலம் 6 மணிக்கு அவர்கள் 0-0 ஆடியபோது என் பக்கத்து மேசையில் இருந்தவர் பணத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கடைசியில் அந்த இரண்டு குழுக்களுமே அரையிறுதிக்குப் போனார்கள். மூன்றாம் இடத்துக்கு அவர்களே மறுபடியும் மோதினார்கள், அன்று 2-1, குரோஷியா வென்றது. அதே இரண்டு குழு, நடுவில் மூன்றரை வாரம், மூன்று கோல்.

அதே முதல் சுற்றில் ஸ்பெயின் கோஸ்தா ரிக்காவை 7-0 அடித்ததே என்பீர்கள். அன்று ஸ்பெயினின் நடுத்திடலில் ஆடிய புஸ்கெட்ஸ், பெட்ரி, காவி மூவரும் பார்சிலோனா கிளப் ஆட்டக்காரர்கள். பழக ஒரு வாரம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, வரும்போதே பழகித்தான் வந்தார்கள். ஏழு கோல் போட்ட அந்த ஸ்பெயினை 16 குழுச் சுற்றில் வெளியே அனுப்பியது யார் தெரியுமா? 0-0 என்று தொடங்கிய அதே மொரோக்கோதான்.

1982 இத்தாலி கதையும் இதுதான். போலந்தோடு 0-0, பெருவோடு 1-1, கேமரூனோடு 1-1. மூன்று ஆட்டத்தில் இரண்டே கோல். அவர்களுடைய முன்வரிசை ஆட்டக்காரர் பாவ்லோ ரோஸி, ஆடக் கூடாது என்ற தடை முடிந்து அப்போதுதான் ஆடத் திரும்பியிருந்தார், கால் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல் இல்லை. கோச் அவரை உட்கார வைக்கவில்லை. பிறகு பிரேசிலுக்கு எதிராக மூன்று, அரையிறுதியில் இரண்டு, இறுதியாட்டத்தில் ஒன்று. கிண்ணம் இத்தாலிக்கு.

உங்கள் வீட்டுப் பெரியவர் பால்மரம் வெட்டியவராக இருந்தால் அவருக்கே இது விளங்கும். புதுப் பட்டையில் முதல் கோடு போடுகிறவன் கத்தியை ஆழமாக இறக்க மாட்டான். காயம் விழுந்தால் அந்தப் பட்டை வருஷக்கணக்கில் முடிச்சு முடிச்சாக நிற்கும்.

களைப்பு, வெயில், எதிராளியைப் பற்றித் தெரியாமை, ஒரு மாதத்தில் ஏழெட்டு ஆட்டத்துக்கு உடம்பை மிச்சம் பிடிப்பது, இவையும் உண்டு. ஆனால் இவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. களைப்பு மூன்றாவது ஆட்டத்தில் இன்னும் அதிகம்தானே, அதில் ஏன் ஓடுகிறார்கள்?

முதல் ஆட்டம் எப்போதும் மந்தம் என்று எழுதிவைத்துக்கொள்ளவும் வேண்டாம். 2014 பிரேசிலில் முதல் 16 ஆட்டத்தில் 49 கோல். நடப்பு வெற்றியாளர் ஸ்பெயினை நெதர்லாந்து 5-1 என்று கிழித்தது அந்த முதல் சுற்றில்தான். 2018 ரஷ்யாவில் மொத்தம் 64 ஆட்டத்தில் ஒரே ஒரு 0-0. அது முதல் ஆட்டமே இல்லை, பிரிவின் மூன்றாவது ஆட்டம், பிரான்சும் டென்மார்க்கும். பிரான்ஸ் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது, டென்மார்க்குக்கு ஒரு புள்ளி போதும். திடலில் இருந்தவர்கள் ஊளையிட்டார்கள், ஆடியவர்கள் கவலைப்படவில்லை. இதைவிடக் கேவலம் 1982-இல் நடந்தது. பிரிவின் கடைசி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி ஆஸ்திரியாவை 1-0 என்று ஜெயித்தால் இருவருமே மேலே போகலாம், முன்பே ஆடி முடித்திருந்த அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் கோல் விழுந்தது. மீதி எண்பது நிமிடம் இரண்டு குழுவும் பந்தை வைத்து நடைப்பயிற்சி செய்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் வைக்கும் வழக்கம் உலகக் கிண்ணத்துக்கு வந்தது. ஆக, இருவருக்கும் ஒரே முடிவு போதும் என்கிற நிலை எங்கே வந்தாலும் ஆட்டம் செத்துவிடும். முதல் ஆட்டத்தில் அந்த நிலை அடிக்கடி வருகிறது.

நம் மலேசியாவின் கதை இல்லாமல் எப்படி? தென்கிழக்காசியக் குழுக்கள் மோதிய 2010 சுசுகி கிண்ணம் நினைவிருக்கிறதா? நம் கே. ராஜகோபால் கோச். ஜக்கார்த்தாவில் முதல் ஆட்டம், இந்தோனேசியாவிடம் 1-5. மறுநாள் காலை கடையில் யாரும் காற்பந்து பற்றிப் பேசவே இல்லை. அடுத்து தாய்லாந்து. நான்கு கோல் கடனில் இருக்கிற குழு பாய்ந்து அடிக்கும் என்றுதானே நினைப்போம். ராஜகோபால் கதவைச் சாத்தினார், 0-0. இன்னொரு தோல்வி வந்தால் எல்லாம் முடிந்தது என்று அவருக்குத் தெரியும். மூன்றாவது ஆட்டம் லாவோஸ், அங்கேதான் கதவைத் திறந்தார், 5-1. மொத்தம் 4 புள்ளி, பிரிவில் இரண்டாம் இடம். பிறகு வியட்நாமைத் தாண்டி, இறுதியாட்டத்தில் புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0. ஜக்கார்த்தாவில் 1-2 தோற்றாலும் கிண்ணம் நமக்கு, டிசம்பர் 31 பொது விடுமுறை. எந்த ஆட்டத்தில் சாத்துவது, எந்த ஆட்டத்தில் திறப்பது என்று தெரிந்த கோச் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மூன்று ஆட்டங்கள்தான்.

2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்திலும் ஒன்று பார்த்தோம். ஜோர்டானிடம் 0-4, பஹ்ரைனிடம் 0-1, நாம் வெளியே. இழக்க இனி ஒன்றுமில்லை என்று ஆன பிறகு தென்கொரியாவோடு 3-3. சொன் ஹியூங்-மின் ஆடிய தென்கொரியா! கடைசி கோல் விழுந்தபோது கடிகாரம் 100 நிமிடத்தைத் தாண்டியிருந்தது. அதே பையன்கள்தான், தோளில் இருந்த மூட்டை இறங்கிவிட்டது.

இனி உங்கள் கேள்வி. தம்பி, முதல் ஆட்டத்தில் நீங்கள் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பலமான குழு, முதலிடம் மட்டும்தான் மேலே போகும், அவர்களிடம் தோற்றால் அங்கேயே கதை முடியும். 0-0 நல்ல முடிவு.

தப்பு இரண்டாவது ஆட்டத்தில். அந்த 0-0 விசில் ஊதிய நொடியே உங்கள் பிரிவு வேறு போட்டியாக மாறிவிட்டது. மூன்றாவது குழுவை யார் அதிக கோலில் ஜெயிக்கிறார்களோ அவர்கள் மேலே, வேறு கணக்கே கிடையாது. நீங்கள் முன்னால் ஆடுகிறீர்கள், அவர்கள் பின்னால் ஆடுகிறார்கள். நீங்கள் 1-0 என்று நிறுத்தியதும், எதிராளிக்கு விடைத்தாளைக் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. 2-0 போதும் என்று தெரிந்தே அவர்கள் இறங்கினார்கள். 1-0 ஆனதும் நீங்கள் இன்னும் இரண்டு பேரை முன்னால் ஏற்றியிருக்க வேண்டும். அப்போது ஒரு கோல் வாங்கி 3-1 என்று ஆனாலும் பரவாயில்லை, 2-0 போட்டாலும் அவர்களால் உங்களைத் தாண்ட முடியாது, கோல் எண்ணிக்கையில் நீங்கள்தான் முன்னால் இருப்பீர்கள்.

தோற்காமல் வீடு திரும்பியது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 1982-இல் கேமரூன் மூன்று ஆட்டத்தையும் சமன் செய்தது, புள்ளியில் இத்தாலியும் அதுவும் ஒன்று, கோல் வித்தியாசமும் ஒன்று. இத்தாலி போட்டது இரண்டு கோல், கேமரூன் ஒன்று. இத்தாலி கிண்ணத்துக்குப் போனது, கேமரூன் விமானம் ஏறியது. 2010-இல் நியூசிலாந்து மூன்றையும் சமன் செய்து வெளியேறியது. அந்தப் போட்டி முழுக்கத் தோற்காத ஒரே குழு அதுதான், கிண்ணம் வென்ற ஸ்பெயின்கூட ஒன்றில் தோற்றது.

என் கதைக்கு வருகிறேன். பல வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு விடுமுறைப் போட்டி, மூன்று குழுப் பிரிவு. இரண்டு ஆட்டத்தையும் 0-0 முடித்தேன். மற்ற இருவரும் தங்களுக்குள் 0-0. மூன்று குழுவும் எல்லாவற்றிலும் சமம். ஏற்பாட்டாளர்கள் மூன்று சீட்டு எழுதி ஒரு தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். எங்கள் சீட்டு வரவில்லை. லோரியில் திரும்பும்போது என் கோல்கீப்பர், பன்னிரண்டு வயது, "சார், நான் ஒரு கோல்கூட வாங்கலையே" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? அன்றிலிருந்து விதித்தாளைப் படிக்காமல் நான் எந்தப் போட்டிக்கும் பையன்களை ஏற்றியதில்லை.

மூன்று குழுப் பிரிவு என்பதே கோளாறு பிடித்தது. ஒரு குழு எப்போதும் கடைசி ஆட்டத்தை வெளியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 48 குழுக்கள் ஆடும் 2026 உலகக் கிண்ணத்துக்கே முதலில் மூன்று மூன்றாக 16 பிரிவு என்றுதான் ஃபிஃபா திட்டம் போட்டது. 2023 மார்ச்சில் மனசு மாறி, நான்கு நான்காக 12 பிரிவு என்று ஆக்கினார்கள். உங்கள் ஏற்பாட்டாளர்களிடமும் சொல்லிப் பாருங்கள். முடியாது என்றால், அட்டவணை போடும்போது உங்களைக் கடைசி ஆட்டத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை, மற்றவர்களுக்குக் கேட்கத் தெரியாது.

அடுத்த முறை போவதற்கு முன்னால் மூன்றே விஷயம் விசாரியுங்கள். எத்தனை பேர் மேலே போகிறார்கள், புள்ளி சமம் என்றால் அடுத்து எதைப் பார்க்கிறார்கள், யாருக்குப் பின் யார் ஆடுகிறார்கள். முதலிடம், இரண்டாமிடம் இரண்டும் மேலே போகும் என்றால் முதல் ஆட்டத்தில் 0-0 தாராளமாக ஆடலாம். ஒருவர்தான் என்றால், பலமான குழுவிடம் 0-0, பலவீனமான குழுவிடம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. கணக்கைப் போட்டிக்கு முந்திய நாளே பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு சொன்னால் சாக்கு மாதிரிக் கேட்கும்.

பையன்களிடம் பேசும் பேச்சையும் கொஞ்சம் மாற்றுங்கள். "கோல் வாங்காமல் வந்தால் போதும்" என்று சொன்னால் பதினான்கு வயதுப் பையன் அதை அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ள மாட்டான். ஒரு மணி நேரம் கழித்து "போய் அடி" என்றால் கால் போகாது. இரண்டாவது ஆட்டத்தில் உங்கள் பையன்கள் பின்னால் போனது நீங்கள் இழுத்ததால் மட்டும் என்று நான் நம்பவில்லை, நீங்கள் இழுக்கும் முன்பே பாதிப் பேர் போயிருப்பார்கள். "பந்து நம்மிடம் இல்லை என்றால் ஆறு பேரும் பந்துக்குப் பின்னால், பந்து கிடைத்தால் மூன்று பேர் அவர்கள் பாதியில்" என்று சொல்லுங்கள். கடினமான ஆட்டத்தில் மூன்றை இரண்டாக்குங்கள், சுலபமான ஆட்டத்தில் நான்காக்குங்கள். எண் மட்டும்தான் மாறும், பையன்களுக்குப் பயம் பழகாது. இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் நிழலில் படுக்கவிடாமல் பத்து நிமிடம் கோலுக்கு அடிக்க வையுங்கள். ஏழு பேர் திடலில் கோல்கீப்பர் கையால் வீசினாலே பந்து நடுக்கோட்டைத் தாண்டும், அதை நீங்கள் பயன்படுத்திய மாதிரித் தெரியவில்லை.

அந்தப் பார்வையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் எந்த இடத்தில் ஆடினார் என்று நீங்கள் எழுதவில்லை. முதல் விசிலிலேயே அடிக்கப் போகிறவர் என்றால் முன்வரிசையாகத்தான் இருக்கும். தற்காப்பை நீங்கள் நன்றாகவே கட்டியிருக்கிறீர்கள், இரண்டு ஆட்டத்தில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. முன்வரிசைப் பையன்களை வாரம் இரண்டு சாயங்காலம் அவரிடம் விட்டுப் பாருங்கள். அடுத்த போட்டியின் அட்டவணை கைக்கு வந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம்.